உயிரோடிருக்கும் டோரீனுக்கு

தார்ன்பி,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள டோரீனுக்கு,

நீங்களும் ரானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எல்லோரும் கடிதத்தை இப்படித்தான் தொடங்குவார்கள். ஆனால் இந்த வரியை இன்று இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் நீங்கள் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. எங்களுக்கே அது இந்த வியாழக்கிழமைதான் தெரியவந்தது.

பயந்துவிடாதீர்கள், முதலிலிருந்து சொல்கிறேன். சந்தோஷத்தில் தலையும் காலும் புரியாமல் எழுதினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் ஹெதர். மார்னியின் அம்மா. உங்கள் வீட்டு வாசலில் பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, உள்ளே காலை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றவள். பக்கத்தில் நின்ற உயரமான மனிதர் என் கணவர் கோலின். அன்று முழுவதும் அவர் வாயைத் திறந்தது ரானிடம் படகு எஞ்சின் பற்றிக் கேட்பதற்கு மட்டும்தான். தத்துக் கொடுக்கும்வரை வளர்க்கச் சொல்லிக் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவினர் மூன்று வயதில் கொண்டுவந்து விட்ட பிள்ளையை ஐந்து வயதுவரை வளர்த்து, தலை வாரி, புது ஷூ போட்டு, எங்கள் கையில் கொடுத்தீர்கள். பிறகு கொஞ்ச நாளில் ரானின் மூச்சிரைப்புக்காகப் போர்ச்சுகலுக்குப் போய்விட்டீர்கள். தத்துப் பிள்ளை புது வீட்டில் ஊன்றும்வரை பழைய முகங்கள் கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள், நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

உங்களுக்கு நான் எழுதலாமா என்று கேட்டு ஒருவர் போன் செய்திருப்பாரே, அவர்தான் டெஸ்மண்ட். காரணத்தை அவர் உங்களிடம் சொல்லவில்லையாம். அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்றார்.

மார்னிக்கு இப்போது ஏழு வயது. விழுந்த முன்பற்கள் முளைத்து வருகின்றன. நன்றாக வாசிக்கிறாள். நண்டைப் பற்றி எது கேட்டாலும் சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். இதெல்லாம் நல்ல செய்தி. மற்றதையும் சொல்கிறேன்.

வந்த நாளிலிருந்து அவள் என்னைத் தலை வாரவிட்டதில்லை. கோலின் வேலைக்குக் கிளம்ப வண்டிச் சாவியை எடுத்தால் போதும், வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வாள். எனக்குச் சாதாரணமாக ஒரு சளி பிடித்தாலும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டாள். கோபம் வந்தால் கடிப்பாள். கடித்த கையோடு என் முகத்தை உற்று உற்றுப் பார்ப்பாள். எனக்கு ஏதோ ஆகப்போகிறது, அது எப்போது ஆகும் என்று காத்திருப்பவளைப்போல. அந்தப் பார்வைக்கு மட்டும் எனக்கு அர்த்தம் புரிந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமியின் தோளில் பல் பதியக் கடித்துவிட்டாள். இன்னொரு முறை நடந்தால் இவளை இங்கே வைத்துக்கொள்வது கஷ்டம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

கவுன்சிலில் தத்தெடுத்த குடும்பங்களுக்கு உதவ என்றே ஒரு பிரிவு இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் போன் செய்ய மாதக்கணக்கில் தயங்கினோம். முடியவில்லை என்று வாயைத் திறந்தால், அப்படியானால் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கோலினிடம் சொன்னால், யாரிடமும் மூச்சுவிடாதே என்பார். கடைசியில் போன் செய்ததும் அவரேதான், எனக்குத் தெரியாமல், வேலை செய்கிற இடத்திலிருந்து.

அப்படி வந்தவர்தான் டெஸ்மண்ட். லீட்ஸ்காரர். எங்கள் வாசலையே அடைக்கிற மாதிரி உடம்பு. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, சோபா இருக்க, தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் மார்னியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பாருங்கம்மா, நான் பிள்ளையத் தூக்கிட்டுப் போக வரல. கோர்ட்டுல ஆர்டர் ஆன அன்னிக்கே அவ உங்க பிள்ளை. அன்னிக்கோட எங்க வேலை முடிஞ்சிடலன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். முதல்ல ஒரு டீ குடுங்க. ரெண்டு சர்க்கரை” என்றார்.

நான் சமையலறைக்குப் போய் கெட்டிலைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதேன். திரும்பி வந்தபோது மார்னி அவருக்கு நண்டு எப்படிப் பக்கவாட்டில் நடக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் செய்ததெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் சின்னச் சின்ன விஷயங்கள். பள்ளி வாசலில் காலையில் இவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போக ஒருவரை ஏற்பாடு செய்தார். சனிக்கிழமைகளில் நீச்சல்குளத்துக் காபிக் கடையில் எங்களைப்போன்ற பெற்றோர்கள் கூடுவார்கள், போய்ப் பாருங்கள் என்றார். முதல் நாள் அங்கே நான் மெதுவாக, என் பிள்ளை கடிக்கிறாள் என்றேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேர் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினார்கள். நான் அவ்வளவு சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பிறகு ஃபரீதாவை ஏற்பாடு செய்தார். குழந்தைகளின் மனதுக்கு வைத்தியம் செய்கிறவர். வாராவாரம் வியாழக்கிழமை, பழைய நூலகக் கட்டடத்தின் மாடியில் ஒரு அறை. மார்னி தனியாகப் போகக் கூடாது, நானும் கூட உட்கார்ந்து விளையாட வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இது என்ன வைத்தியம் என்றுதான் இருந்தது. கையில் கிரீம் தடவுவது, பஞ்சுருண்டையை ஊதுவது, பொம்மை வீட்டில் மரப் பொம்மைகளை உட்காரவைப்பது.

அந்தப் பொம்மை வீட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. மார்னி எப்போதும் ஒரு பொம்மையை மட்டும் எடுத்து, அறையிலிருக்கிற உயரமான அலமாரியின் மேல், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவாள். இந்த வியாழக்கிழமை ஃபரீதா அது யார் என்று கேட்டார்.

“டீடீ” என்றாள்.

அவள் உங்களை அப்படித்தான் கூப்பிடுவாள் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. டீடீ ஏன் அங்கே மேலே இருக்கிறார் என்று ஃபரீதா கேட்டார்.

“செத்துட்டாங்க. என்னாலதான். நான் ‘நீ செத்துப்போ’ன்னு கத்துனேன். அப்புறம் மேகத்துக்கு மேல போயிட்டாங்க.”

சாதாரணமாகச் சொன்னாள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

டோரீன், நீங்கள் விமானத்தில் மேகத்துக்கு மேலே ரொம்ப தூரம் போய்விட்டீர்கள், இப்போதைக்குப் பார்க்க முடியாது என்று அவளிடம் சொல்லப்பட்டது. அதே மாதத்தில் கோலினின் அப்பா இறந்தார். சவ அடக்கத்தன்று கோலினின் அத்தை இவளை மடியில் வைத்துக்கொண்டு, தாத்தா மேகத்துக்கு மேலே ரொம்ப தூரம் போய்விட்டார், இனிமேல் பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து, தான் கோபப்பட்டால் ஆள் செத்துவிடும் என்ற நினைப்போடுதான் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள். கடித்துவிட்டு என் முகத்தை ஏன் பார்த்தாள் என்பது எனக்கு அந்த நிமிடம் புரிந்தது.

டீடீ சாகவில்லை, நன்றாக இருக்கிறார் என்று அங்கேயே சொன்னோம். “அம்மா, பொய் சொல்லாத” என்றாள். வீட்டுக்கு வந்ததும் கோலின் உலகப் படப் புத்தகத்தை விரித்துப் போர்ச்சுகலைக் காட்டினார். அவள் அதில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“சொர்க்கத்துக்கு இன்னொரு பேரா இது?” என்று கேட்டாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன். டோரீன், பூட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இரண்டு வருடம் சாவிக் கொத்தோடு அலைந்த மாதிரி இருந்தோம். இப்போது தெரிந்துவிட்டது. காலையிலிருந்து நான் வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

அவளோடு ஒருமுறை போனில் பேசுவீர்களா? முகம் காட்டும் போன் வேண்டாம், முதலில் குரல் போதும் என்கிறார் ஃபரீதா. நாளையும் நேரத்தையும் டெஸ்மண்ட் உங்களோடு பேசி வைப்பார். அவள் என்ன சொல்வாள், எப்படிச் சொல்வாள் என்று எங்களுக்குத் தெரியாது. எது சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரல் ஒன்று மட்டும் அவள் காதில் விழுந்தால் போதும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
ஹெதர்


தார்ன்பி,
ஏப்ரல், ஈஸ்டர் விடுமுறை.

அன்புள்ள டோரீனுக்கு,

ரானுக்கு இருமல் குறைந்ததா? வெயிலில் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இன்னும் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை.

அன்று போனில் நீங்கள் ஏதோ தப்பாகப் பேசிவிட்டதாக டெஸ்மண்டிடம் வருத்தப்பட்டீர்களாம். இல்லவே இல்லை. உங்கள் பக்கம் வெறும் மௌனமாக இருந்திருக்கும். எங்கள் பக்கம் நடந்ததை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் ஹலோ சொன்னதுமே அவள், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். டெஸ்மண்ட் அவ்வளவு பெரிய உடம்பை மடக்கிக்கொண்டு மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் கோலினும் சுவரோடு சுவராக நின்றோம். அவள் முகத்தில் நம்பிக்கையே இல்லை. யாரோ டீடீ மாதிரிப் பேசி ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறாள். அதனால்தான் எடுத்த எடுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“உங்க வீட்டு மாடிப்படியில எந்தப் படி சத்தம் போடும்?”

நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எந்தப் படியும் போடாதுடி. சத்தம் போட்டது ரானோட முட்டி” என்றீர்கள்.

அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னால் அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. போனை மெதுவாகத் தரையில் கவிழ்த்து வைத்தாள். நீங்கள் ஹலோ ஹலோ என்று கூப்பிடுவது தரைக்குள்ளிருந்து கேட்டது. அவள் வெளியே வந்து, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, டோஸ்ட் வேண்டும் என்றாள். நான் போட்டுப்போட்டுக் கொடுக்க, சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். டெஸ்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டில் வெங்காயம் வெட்டுகிறீர்களா என்று கேட்டார்.

அடுத்த நாளே கோபம் வந்துவிட்டது. இதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. நீல விளிம்புப் பீங்கான் தட்டைச் சுவரில் எறிந்தாள். “உயிரோடதான இருந்தாங்க? அப்ப ஏன் என்னப் பாக்க வரல?” என்று கத்தினாள். இறந்துபோயிருந்தவரை எல்லாமே அவள் குற்றமாக இருந்தது. உயிரோடு இருக்கிறீர்கள் என்றதும் அது உங்கள் குற்றமாகிவிட்டது. இப்படித்தான் ஆகும் என்று ஃபரீதா முன்பே சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கிறவர்மேல்தான் பிள்ளைகள் தைரியமாகக் கோபப்படுவார்கள், அது வந்தால் சந்தோஷப்படுங்கள் என்றார். சரி என்று தட்டின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே நான் சந்தோஷப்பட்டேன். அது என் கல்யாணத் தட்டு வேறு.

பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து, டீடீ உன்னைப் பார்க்காமல் இருந்தால் உனக்குச் சீக்கிரம் பழகிவிடும் என்று நினைத்தோம், அந்த நினைப்புத் தப்பு என்று அவளிடம் சொன்னேன். டீடீக்கும் அது பிடிக்கவில்லை என்றும் சொன்னேன். பெரியவர்கள் யோசித்தது சரியில்லை என்பதை அவள் சுலபமாக ஏற்றுக்கொண்டாள். அதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது நல்ல செய்திகளைக் கேளுங்கள். போனில் பேசிய நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் யாரையும் கடிக்கவில்லை. தலைமை ஆசிரியையே வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார். அந்தத் தோளில் கடிபட்ட சிறுமியின் பிறந்தநாளுக்கு இவளையும் அழைத்திருக்கிறார்கள். போன வாரம் எனக்கு ஜலதோஷம். தும்மிக்கொண்டே அவள் கட்டிலடியில் போகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். போகவில்லை. குளியலறையிலிருந்து காகிதச் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டு, “மூக்கச் சிந்து. அசிங்கமா இருக்கு” என்றாள். டோரீன், எனக்கு யாராவது மாலை போட்டிருந்தால்கூட அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது. கோலினுக்கு வேலையிடத்துக்கே போன் போட்டுச் சொன்னேன். ஏதோ விபத்து என்று அவர் பயந்தே போய்விட்டார்.

ஃபரீதாவிடம் போவதற்குக் கவுன்சில் பணம் தருகிற காலம் இந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. பாதியில் நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று நான் கலங்கிப்போனேன். டெஸ்மண்ட் கவுன்சில் கூட்டத்துக்குப் போய் வாதாடினார். தைத்துக்கொண்டிருக்கும்போது ஊசியைப் பிடுங்காதீர்கள் என்று சொன்னாராம். கிறிஸ்துமஸ்வரை நீட்டித்துவிட்டார்கள். அந்தச் செய்தியோடு வந்த அன்று மூன்றாவது சர்க்கரையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இனி ஒரு கோரிக்கை. இது என்னுடையது இல்லை, மார்னியுடையது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “போன்ல குரல் யாரு வேணா குடுக்கலாம். ஆளப் பாத்தாதான் நிச்சயம்.” நீங்கள் வரவேண்டும் என்கிறாள். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டதும் வரமுடியுமா?

கூப்பிடுவதற்கு முன்னால் டெஸ்மண்ட் என்னைத் தனியாக உட்காரவைத்து, எனக்கு இதில் பயம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மழுப்பப் பார்த்தேன், அவர் விடவில்லை. நீங்கள் திரும்பிப் போகும்போது, நானும் டீடீயோடு போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டால் என் கதி என்ன என்றேன். அவர் அப்படியெல்லாம் நடக்காது என்று சமாதானம் சொல்லவில்லை.

“பயம் போகட்டும்னு காத்திருந்தா யாரையும் கூப்பிட முடியாதும்மா. பயத்தோடயே கூப்பிடுங்க” என்றார்.

பயத்தோடு கூப்பிடுகிறேன். வாருங்கள். மெத்தை கொஞ்சம் குழிவிழுந்தது, ஆனால் அறை வெளிச்சமாக இருக்கும். ரானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஹெதர்


தார்ன்பி,
ஆகஸ்ட், மழை விடாத ஒரு நாள்.

அன்புள்ள டோரீனுக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நீங்கள் இல்லாத நாட்களில் ரான் ரொட்டியும் மத்தி மீனும் மட்டுமே சாப்பிட்டார் என்பதை மார்னிக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு முள் தொண்டையில் சிக்கவில்லையா என்று கேட்கச் சொன்னாள்.

நீங்கள் இங்கே இருந்தபோது நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் கண்ணில் படாததை மட்டும் எழுதுகிறேன். அதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதல் நாள் காலையில் அவள் நான்கு சட்டை மாற்றினாள். உங்களைச் சந்திக்கப் படகுத்துறைக்கு வந்தோம். வண்டியை நிறுத்தியதும், “டீடீக்கு என்னத் தெரியலன்னா?” என்றாள். தெரியும் என்றேன். “நான் ஒசந்துட்டேனே” என்றாள். வாளியையும் நண்டுத் தூண்டிலையும் எடுத்துக் கொடுத்தேன். கையில் வேலை இருந்தால் பிள்ளைகளுக்கு வாய் வரும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் டெஸ்மண்ட்தான். வீட்டில் சோபாவில் எதிரெதிரே உட்காரவைத்திருந்தால் இரண்டு பேரும் கல்லாகியிருப்பீர்கள்.

அவள் உங்களிடம் ஓடிவரவில்லை. கட்டிப்பிடிக்கவில்லை. வாளியை மட்டும் உங்கள் கையில் கொடுத்தாள். நீங்கள் அதை வாங்கி, தண்ணீர் மொண்டுவரட்டுமா என்று கேட்டீர்கள். எப்படி உங்களுக்கு அப்படிக் கேட்கத் தோன்றியது? நானாக இருந்தால் ஓவென்று அழுது காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

அரைமணி போல ஆனபிறகு அவள் தண்ணீரைப் பார்த்தபடி, நான் உன்னைச் செத்துப்போ என்று சொன்னேன் இல்லையா என்று கேட்டாள். நான் கொஞ்சம் தள்ளி, தூண்டில் கயிற்றைப் பிரிப்பதுபோல நின்றிருந்தேன். அந்தக் கயிற்றில் சிக்கலே இல்லை. உங்கள் பதில் என் காதில் முழுவதும் விழுந்தது.

“எங்க வீட்டுல இருந்து போன எல்லாப் பிள்ளையும் அதச் சொல்லிட்டுத்தான்டி போச்சு. ஒருத்தன் என் மேல பஸ் ஏறணும்னு சொன்னான். நான் இன்னும் குண்டா, நல்லாத்தான் இருக்கேன். கோபத்துல வர்ற வார்த்தைக்கு அவ்வளவு பலமெல்லாம் கிடையாது.”

“அப்ப நல்ல வார்த்தைக்கு?”

“அதுக்கு உண்டு.”

அவள் தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து நண்டு ஒன்று மாட்டியது, பேச்சு நின்றுபோனது. பிறகு நீங்கள் சிப்ஸ் வாங்க வரிசையில் போய் நின்றீர்களே, அப்போது என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “கை சுருங்கிப்போச்சு. ஆனா அவங்கதான்” என்று ரகசியமாகச் சொன்னாள்.

விடைபெறுவதை ஒளித்துச் செய்யக் கூடாது, எந்த ரயில், எப்போது என்று முன்கூட்டியே சொல்லி, நடைமேடையில் நின்று, வாயால் சொல்லித்தான் போகவேண்டும் என்று ஃபரீதா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நீங்களும் அப்படியே செய்தீர்கள். நான் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன் என்று அவள் உயரத்துக்குக் குனிந்து சொன்னீர்கள். அவள் சரி என்றாள். ரயில் நகர்ந்தது. உங்கள் ஜன்னலிலிருந்து நீங்கள் பார்த்தவரை அவள் கைகாட்டிக்கொண்டு நேராகத்தான் நின்றாள். உங்களுக்கு அதுதான் தெரிந்திருக்கும். ரொம்பத் தைரியசாலி என்று நினைத்திருப்பீர்கள்.

ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்தது. நீங்கள் போன பிறகு நடக்கும் என்று நான் பயந்தது இதுதான்: ஒன்று, கல்லைப்போல ஆகிவிடுவாள். இல்லையென்றால், பல் என் கையில் இறங்கும். இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் அவளிடம் நான் பார்த்ததில்லை. இத்தனை காலத்தில் அவள் யார் முன்னாலும் அழுததே கிடையாது, டோரீன். விழுந்து முட்டி கிழிந்தால்கூட. இதை உங்களிடம் நான் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை.

அவள் அழுதாள். சின்ன அழுகை இல்லை. நடைமேடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அழுகை. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஓவென்று. நான் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். வந்து என் மடியில் ஏறினாள். ஏழு வயதுப் பிள்ளை, முழங்கால்கள் என் விலாவில் குத்த, கைக்குழந்தை மாதிரிச் சுருண்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

“போறது எனக்குப் பிடிக்கலம்மா. எனக்குப் பிடிக்கவே இல்ல.”

எனக்கும் பிடிக்கவில்லை என்றேன். உன்னோடு நானும் வருகிறேன் என்று அவள் உங்களிடம் கேட்பாளோ என்றுதான் இத்தனை மாதமும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அதை நினைக்கவே இல்லை. என் சட்டை முழுவதும் அவள் மூக்குச் சளி. அவள் தலைமயிர் என் வாயில். அடுத்த ரயில் வந்தது, போனது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

வெளியே வண்டியில் காத்திருந்த கோலின் பயந்துபோய் உள்ளே ஓடிவந்தார். நான் அவரைப் பார்த்து, “கோலின், அழறா பாரு, அழறா” என்றேன். லாட்டரி விழுந்தவள் மாதிரிச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். கோலின் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து அவள் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் உதடு துடித்தது எனக்குத் தெரியும், ஆனால் கேட்டால் இல்லை என்பார்.

மறுநாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு. நான் வாரினேன். சிக்கெடுக்கும்போது வலித்ததற்குத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள்.

வேறு செய்திகள்: ஃபரீதாவிடம் இனி மாதத்துக்கு இரண்டு வியாழன் போனால் போதுமாம். செப்டம்பரில் புது வகுப்பு. அந்த ஆசிரியையை டெஸ்மண்ட் முன்கூட்டியே போய்ப் பார்த்துப் பேசிவிட்டார். எங்கள் ஃபைலை இன்னும் மூட மாட்டேன், மூடினாலும் கதவை மூட மாட்டேன் என்கிறார். புதிதாகத் தத்தெடுத்த ஒரு தம்பதி யாரிடமும் பேசப் பயப்படுகிறார்களாம், சனிக்கிழமை அவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்கிறார், டோரீன். போன வருடம் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவளிடம்.

கடைசியாக ஒன்று. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன்.

நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் தோளைப் பிடித்துத் திருப்பி நாற்காலியில் உட்காரவைத்தீர்கள். “நீ எப்பம்மா உக்காந்து சாப்பிடுவ?” என்று கேட்டுவிட்டு, ஆறிப்போன என் தட்டைச் சூடுபண்ணி முன்னால் வைத்தீர்கள். நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றீர்கள். நான் பிறந்த கொஞ்ச நாளிலேயே என் அம்மா இறந்துவிட்டார். அப்பா என்னை நன்றாகத்தான் வளர்த்தார். ஆனால் அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால்தான் நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனேன். நான் அப்போது உங்களிடம் சொன்னதுபோல உருளைக்கிழங்கில் உப்புக் கூடிவிட்டதால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மார்னியோடு பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். அம்மாவிடம் கொடு என்று சொல்லுங்கள். எனக்குச் சொல்ல விசேஷமாக ஒன்றும் இருக்காது. மழை பெய்கிறது என்பேன், கோலினுக்கு வேலை அதிகம் என்பேன். அதைக் கேட்டுக்கொண்டிருங்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள்.

ரானோடு நீங்கள் நெடுநாள் சுகமாக இருக்கவேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஹெதர்